நீலம்

தேவகோட்டை தாலுகா ஆபீஸ் மாடியில்
ஃபேன் காற்று எட்டாத மூலை எனக்கு.
ஆறு மாத ஒப்பந்தம், நாலு முடிந்துவிட்டது.
வேலை இதுதான்:
கண்மாய் உடைந்த இரவின் மேல்
வீடுகளின் வரைபடத்தைப் போர்த்த வேண்டும்,
எங்கெல்லாம் ஈரம் ஊறி மேலே வருகிறதோ
அங்கெல்லாம் விலை போட வேண்டும்.

விலையை நான் போடுவதில்லை.
மென்பொருள் போடும்.
கூரை ஓடா, காங்கிரீட்டா, கீற்றா,
தண்ணீர் முழங்காலா, இடுப்பா,
இரண்டையும் சொன்னால் போதும்
ஒரு வளைகோட்டில் விரல் வைத்து
இத்தனை சதவீதம் என்றுவிடும்.
தரகனைவிட வேகம்.
தரகனைப் போலவே
உள்ளே வந்து பார்ப்பதில்லை.

முதல் ஓட்டத்திலேயே
ஒரு வீடு ரத்தச் சிவப்பில் எழுந்தது.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு.
நட்டம்: ஒரு கோடியே பன்னிரண்டு லட்சம்.
தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"யாரு இருக்கா அதில?"
முப்பத்தேழு பங்கு சார்.
ஒரு பூட்டு.

போய்ப் பார்த்தேன்.
காவலுக்கிருக்கும் சவரிமுத்து சாவிக்கொத்தோடு வந்தார்.
தெருவில் ஓடிய வெள்ளம்
மூன்றாம் படியைக்கூடத் தொடவில்லை.
உள்ளே வளவில் மட்டும் கணுக்கால் தண்ணீர்,
நாலு மூலைத் தூம்பிலும் இறங்கி
கல்லடைப்பில் சுழித்துப் போய்க்கொண்டிருந்தது.
"மழைன்னா இது நிக்கத்தாங்க செய்யும்.
நிக்கட்டும்னுதானே வானத்தை உள்ள விட்டிருக்கு."
மழைக்கென்றே கட்டிய முற்றத்தை
வெள்ளம் என்று எண்ணியிருக்கிறது செயற்கைக்கோள்.
ஒரு கோடியை நின்ற இடத்திலேயே அழித்தேன்.
கை கொஞ்சம் நடுங்கியது,
அவ்வளவு பணத்தை இதற்குமுன் தொட்டதில்லை.

பின்வாசலைத் திறந்துவிட்டார்.
ஓடைக்கரை.
என் திரையில் அங்கே ஒரு குளம்.
நிரந்தர நீர்நிலை, கணக்கில் சேராது.
தரையில் குளம் இல்லை.
நீலத் தார்ப்பாய் போட்ட பதினாறு வீடுகள்.
மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு
நீலமெல்லாம் தண்ணீர்தான் போல.

ராக்கு என்பவள் மண்சுவரைக் காட்டினாள்.
சேற்றுக்கோடு அவள் மார்புக்கு நேரே.
டேப் பிடித்தேன்: ஒன்று புள்ளி மூன்று ஒன்று.
அவள் சொல்லச் சொல்ல போனில் தட்டினேன்.
நெல் ஒன்றரை மூட்டை.
அரசாங்கம் கொடுத்த கிரைண்டர்.
மகனுடைய டிப்ளமா சர்டிபிகேட்,
அதற்கு விலைக்கட்டமே இல்லை.
சினையாடு ஒன்று.
ஆட்டுக்குக் கட்டம் உண்டு, சினைக்குக் கிடையாது.
"ரெண்டாப் போட்டுக்கங்க" என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
"மூணா இருந்தாலும் இருந்திருக்கும்."

இரவு உட்கார்ந்து பதினாறையும் வரைந்தேன்.
சேமித்ததும் பதினொன்று காணோம்.
இருபத்தைந்து சதுர மீட்டருக்குக் கீழே
எதுவும் வீடில்லையாம்,
கொட்டகையாக இருக்கலாம், நிழலாக இருக்கலாம்.
ராக்குவின் தெற்குச் சுவரைப் பிடித்து
வேப்பமரம் வரை இழுத்தேன்.
அடுத்த வீட்டுக்குக் குளிக்கிற மறைப்பைச் சேர்த்தேன்.
அதற்கடுத்த வீட்டுக்குச் சேர்க்க ஒன்றுமில்லை,
ஓடையில் ஓரடி எடுத்துக் கொடுத்தேன்.
பொய்தான்.
காலையில் கோடி ரூபாய்ப் பொய்யை அழித்த
அதே மவுஸ், அதே விரல்.

சென்னையிலிருந்து பதில் வந்திருக்கிறது:
எண் 4417, எல்லைக்குள் மரம் வருகிறது,
சரிபார்த்து அனுப்பவும்.
அந்த மரம் வீட்டுக்குள்தான் இருக்கிறது
என்று தட்டிவிட்டு
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

வெளியே மறுபடி தூறல்.
அடுத்த படம் வியாழக்கிழமை எடுப்பார்கள்.
ராக்குவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்,
அன்றைக்கு ஒருநாள் மட்டும்
கூரைமேல் ஒரு சிவப்புச் சேலையை
விரித்துப் போடச் சொல்லி.